நாள்பட்ட நோய்த் தடுப்பில் தரவுப் பகுப்பாய்வு: பதிவேட்டிலிருந்து அழைப்புப் பட்டியல் வரை

சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் சிறுநீரகப் பாதிப்பும் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவற்றின் தடயம் ஏடுகளில் விழுந்துவிடுகிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 112, இரண்டு ஆண்டு கழித்து 119, இடையில் எடை 6 கிலோ கூடியிருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தவர் "பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பியிருப்பார். மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. தரவுப் பகுப்பாய்வு இங்கே செய்யக்கூடிய வேலை அதுதான்.

சில ஆயிரம் முதல் சில லட்சம் பேர் வரையிலான பதிவுகளைக் கையாளும் மருத்துவமனை, நலத்திட்டம் அல்லது பொதுச் சுகாதாரக் குழுவுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. கடைசியில் கையில் இருக்க வேண்டியது ஒரு பட்டியல்: இந்த வாரம் யாரை அழைக்க வேண்டும், ஏன், வந்தால் என்ன செய்ய வேண்டும். டாஷ்போர்டெல்லாம் அதற்குப் பிறகு.

படி 1: எதற்காக என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"சர்க்கரை நோய் இன்னும் வராத, 35 வயதைத் தாண்டியவர்களில், அடுத்த 3 ஆண்டுகளில் அது வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களைக் கண்டுபிடித்து, செவிலியர் தொலைபேசியில் அழைத்து, பரிசோதனைக்கும் வாழ்க்கைமுறைப் பயிற்சிக்கும் வரச் செய்வது." யார், எந்த நோய், எவ்வளவு காலத்துக்குள், என்ன செய்வோம், யார் செய்வார் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. ஒன்று விடுபட்டாலும் பின்னால் எந்தக் கணக்கும் நிலைத்து நிற்காது.

அடுத்து, கையிருப்பைக் கணக்கிடுங்கள். ஒரு செவிலியர் வாரத்துக்கு 40 பேரை அழைக்க முடியுமென்றால் ஆண்டுக்குச் சுமார் 2000 பேர். உங்கள் மாடல் (பதிவுகளிலிருந்து ஒவ்வொருவரின் ஆபத்தையும் கணிக்கும் கணக்குமுறை) 9000 பேரை "அதிக ஆபத்து" என்று காட்டினால், அதில் 7000 பெயர்கள் வெறும் காகிதம்.

அழைத்தவர்களுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். 2002-இல் வெளியான அமெரிக்கச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில் 3234 பேர் இருந்தனர். உடல் எடையில் 7% குறைப்பு, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற இலக்கோடு பயிற்சி பெற்றவர்களிடம் நோய் வருவது 58% குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்து பெற்றவர்களிடம் 31% குறைந்தது. அதுபோன்ற பயிற்சியை நடத்த ஆளில்லாத இடத்தில் ஆபத்தைக் கணிப்பது, மக்களைக் கவலைப்படுத்துவதோடு முடிந்துவிடும்.

படி 2: பதிவேட்டை அமைப்பது

ஆளுக்கு ஒரு வரிசை என்று விரிதாளில் தொடங்குவதுதான் பலரின் வழக்கம். மூன்றாவது முறை ரத்த அழுத்தம் அளந்ததும் "அழுத்தம்_3" என்று புது நெடுவரிசை முளைக்கும். ஆண்டு முடிவில் 90 நெடுவரிசைகள் இருக்கும். மாறாக இரண்டு அட்டவணைகளாக வையுங்கள்:

- நபர் அட்டவணை: அடையாள எண், பிறந்த தேதி, பாலினம், உயரம், குடும்பத்தில் சர்க்கரை நோய் அல்லது இளவயது மாரடைப்பு, புகைப்பழக்கம் (அதைக் கேட்ட தேதியோடு).
- அளவீட்டு அட்டவணை: அடையாள எண், தேதி, எதை அளந்தோம், மதிப்பு, அலகு, எங்கே அளந்தது, வெறும் வயிறா இல்லையா.

மருந்துகளுக்கும் நோய்க்குறியீடுகளுக்கும் தனித்தனி அட்டவணை வையுங்கள். பரிசோதனைகளுக்கு லாயிங்க், நோய்களுக்கு ஐசிடி-10, மருந்துகளுக்கு ஏடிசி குறியீடுகளைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தினால், பின்னாளில் வேறொரு மருத்துவமனையின் தரவோடு சேர்க்கும்போது பாதி வேலை மிச்சம்.

கருவிகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. களத்தில் தரவு திரட்ட ரெட்கேப், கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே, சேமிக்க போஸ்ட்கிரெஸ், கணக்கிட ஆர் அல்லது பைதான், காட்ட மெட்டாபேஸ் அல்லது பவர் பிஐ, வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ். பல மையங்களின் மாதாந்தர எண்ணிக்கைகளைத் தொகுக்க டிஎச்ஐஎஸ்2. ஒரு லட்சம் பேர் வரை சாதாரண மேசைக்கணினியே தாங்கும். "பிக் டேட்டா" தளம் வேண்டும் என்று யாராவது விற்க வந்தால், உங்களிடம் மொத்தம் எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

எக்செலைப் பதிவேடாக வைத்திருப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட அடையாள எண்களில் கடைசி இலக்கங்களை அது பூஜ்யமாக்கிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிடும். நாளையும் மாதத்தையும் சத்தமில்லாமல் இடம் மாற்றும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் 65,536 வரிசைகளோடு நின்றுவிடும் என்பதும் சிறிய விஷயமல்ல: 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டது இந்த வரம்பால்தான்.

பெயர், தொலைபேசி எண், முகவரி மூன்றையும் தனி அட்டவணையில் பூட்டி வைத்து, பகுப்பாய்வுப் பிரதியில் அடையாள எண் மட்டும் இருக்கட்டும். பெயரை நீக்கினாலே போதும் என்று எண்ண வேண்டாம். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87% பேரைத் தனித்துக் காட்ட முடியும் என்று கணினி அறிவியலாளர் லத்தான்யா ஸ்வீனி கணக்கிட்டுக் காட்டினார். வெளியே தரும் அட்டவணைகளில் 5-க்குக் குறைவான எண்ணிக்கைகளை மறைத்துவிடுங்கள்.

படி 3: சுத்தம் செய்வது

மொத்த வேலை நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். பின்னால் வரும் எந்த நுணுக்கமான கணிதமும் இங்கே விட்ட பிழையைச் சரிசெய்யாது.

அலகுகள். ரத்தச் சர்க்கரையை மில்லிமோலிலிருந்து (லிட்டருக்கு) மில்லிகிராமுக்கு (டெசிலிட்டருக்கு) மாற்ற 18-ஆல் பெருக்க வேண்டும், கொலஸ்ட்ராலுக்கு 38.67, டிரைகிளிசரைடுக்கு 88.57. எல்லாவற்றையும் 18-ஆல் பெருக்கி வைத்திருக்கும் கோப்புகள் அபூர்வமல்ல. கிரியாட்டினின் மைக்ரோமோலில் இருந்தால் 88.4-ஆல் வகுக்க வேண்டும். எச்பிஏ1சி (கடந்த சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 48 என்று இருந்தால் அது சதவீதம் அல்ல, 0.0915-ஆல் பெருக்கி 2.15 கூட்டினால் 6.5% என்று வரும்.

"30-க்குக் கீழே இருந்தால் மில்லிமோல், மேலே இருந்தால் மில்லிகிராம்" என்று விதி எழுதி எல்லாவற்றையும் தானாக மாற்றத் தோன்றும். பெரும்பாலானவற்றுக்கு அது சரிவரும். ஆனால் 20-க்கும் 40-க்கும் இடைப்பட்ட மதிப்புகள் இரண்டு பக்கமும் பொருந்தும்: 25 மில்லிமோல் என்பது 450 மில்லிகிராம், நடக்கக்கூடியது, 32 மில்லிகிராம் என்பது உயிருக்கு ஆபத்தான தாழ்சர்க்கரை, அதுவும் நடக்கக்கூடியது. இவற்றைத் தனியே எடுத்து, ஆய்வுக்கூடத்தின் மூலச்சீட்டோடு ஒப்பிடுங்கள்.

வரம்புகள். பெரியவர்களுக்கு உயரம் 100–220 செ.மீ., எடை 25–250 கிலோ, மேல் அழுத்தம் 60–270, கீழ் அழுத்தம் 30–160, எச்பிஏ1சி 3–20 என்று வைத்துக்கொள்ளலாம். வரம்புக்கு வெளியே உள்ளதை அழிக்காமல் கொடி மட்டும் நாட்டுங்கள். கீழ் அழுத்தம் மேல் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தால் பெரும்பாலும் இடம் மாறிய பதிவு. உயரம் இரண்டு வருகைகளுக்கிடையே 10 செ.மீ. மாறினால் ஒன்று ஊகத்தில் எழுதப்பட்டது. பூஜ்யத்தைத் தனியாகத் தேடுங்கள்: "அளக்கவில்லை" என்பதற்குப் பதில் 0 போடும் பழக்கம் பல மென்பொருள்களில் உண்டு.

கடைசி இலக்கம். ரத்த அழுத்த அளவுகளின் கடைசி இலக்கத்தை எண்ணிப் பாருங்கள். தானியங்கிக் கருவியென்றால் ஒவ்வோர் இலக்கமும் சுமார் 10% வர வேண்டும்; கையால் அளக்கும் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாக இருப்பதால் 0, 2, 4, 6, 8 ஒவ்வொன்றும் 20%. பூஜ்யத்தில் முடிபவை 60% இருந்தால், அங்கே தோராயமாகச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அந்த மையத்தில் 138-ம் 142-ம் இரண்டுமே 140 ஆகிவிடும்; 140/90 என்ற எல்லையில் உங்கள் எண்ணிக்கை பொய்யாகும். இதற்கு மருந்து புள்ளியியலில் இல்லை. கருவியை மாற்றி, அளப்பவருக்கு மறுபயிற்சி கொடுக்க வேண்டும்.

வெறும் வயிறா? சாப்பிட்ட பின் எடுத்த 118, வெறும்வயிற்று நெடுவரிசையில் விழுந்தால், ஆரோக்கியமான ஒருவர் முன்நிலைச் சர்க்கரை நோயாளி (நோய் எல்லையைத் தொடாமல், இயல்பைத் தாண்டியவர்) ஆகிவிடுவார். நிலை தெரியாதவற்றை "தெரியாது" என்றே வைத்து, எச்பிஏ1சி-யை நம்புங்கள். அதற்கும் எல்லை உண்டு: இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் அது கூட்டிக் காட்டும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைத்துக் காட்டும். கர்ப்பிணிகளைத் தனியே வையுங்கள்.

இரட்டைப் பதிவுகள். ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருப்பார். பைதானில் இயங்கும் ஸ்பிளிங்க் போன்ற இலவசக் கருவி பெயரொற்றுமை, பிறந்த தேதி, பாலினம், தொலைபேசி எண் ஆகியவற்றுக்கு எடை கொடுத்து நிகழ்தகவைக் கணக்கிடும். தொலைபேசி எண்ணை மட்டும் வைத்து இணைக்க வேண்டாம், குடும்பம் முழுவதும் ஒரே எண்ணைக் கொடுத்திருக்கலாம். ஜனவரி 1 பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தால், தேதி தெரியாதவர்களுக்கு அதைப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தேதியை ஒற்றுமைக்கான சான்றாக எடுக்காதீர்கள்.

படி 4: யாரைக் கணக்கில் சேர்ப்பது

தடுப்பு என்றால் நோய் ஏற்கெனவே இருப்பவர்களை விலக்க வேண்டும். நோய்க்குறியீடு மட்டும் போதாது, பாதிப் பேருக்கு அது எழுதப்பட்டிருக்காது. குறியீடு, அல்லது எச்பிஏ1சி 6.5%-க்குக் குறையாமல் இரண்டு முறை, அல்லது வெறும்வயிற்றுச் சர்க்கரை 126-க்குக் குறையாமல் இரண்டு முறை, அல்லது இன்சுலின் என்று பல வழிகளில் தேடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவரைச் சர்க்கரை நோயாளி என்று முடிவு கட்டாதீர்கள். சினைப்பை நீர்க்கட்டிக்கும் அது தரப்படுகிறது.

முன்நிலை என்பதற்கு எச்பிஏ1சி 5.7–6.4% என்பது அமெரிக்கச் சர்க்கரை நோய்ச் சங்கத்தின் எல்லை. வெறும்வயிற்றில் அவர்கள் 100-இல் தொடங்குகிறார்கள், உலகச் சுகாதார நிறுவனம் 110-இல். எந்த எல்லையை எடுத்தீர்கள் என்பதை எழுதி வைக்காவிட்டால், அடுத்த ஆண்டு வேறொருவர் வேறு எல்லையில் எண்ணி, "நோய் இரண்டு மடங்காகிவிட்டது" என்று அறிக்கை தருவார்.

பதிவேட்டில் இருப்பவர்கள் வந்து போனவர்கள் மட்டுமே. கடந்த 24 மாதங்களில் ஒருமுறையாவது வந்தவர்களைப் பகுதி எண்ணாக (விகிதம் காண வகுக்கும் எண்ணாக) வைப்பது வழக்கம்; வராதவர்களை அறிய வீடுவீடான கணக்கெடுப்பு தேவைப்படும். அதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் வினாத்தாளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: கேள்விகள், உடல் அளவீடுகள், ரத்தப் பரிசோதனை என மூன்று கட்டம்.

படி 5: முதலில் வெளியிடப்பட்ட மதிப்பெண்

சொந்த மாடல் செய்ய ஆசை வரும். கொஞ்சம் பொறுங்கள். ஃபின்லாந்தில் உருவாகி 2003-இல் வெளியான ஃபின்ட்ரிஸ்க், ரத்தமே எடுக்காமல் எட்டுக் கேள்விகளில் 0 முதல் 26 வரை மதிப்பெண் தருகிறது: வயது, உடல் நிறைக் குறியீடு, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, காய்கனி உண்பது, ரத்த அழுத்த மருந்து, முன்பு எப்போதாவது சர்க்கரை கூடியிருந்ததா, குடும்ப வரலாறு. 15–20 பெற்றால் பத்து ஆண்டுகளில் மூவரில் ஒருவருக்கு நோய் வரும் என்பது அதன் கணிப்பு. இதயநோய்க்கும் பக்கவாதத்துக்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 அட்டவணைகள் உள்ளன; உலகை 21 மண்டலங்களாகப் பிரித்து, 40 முதல் 74 வயது வரையிலானவர்களுக்கு, ரத்தப் பரிசோதனையுடனும் இல்லாமலும் என இரு வடிவங்களில் வருகின்றன.

இங்கே நடக்கும் பெரும்பிழை, இல்லாத பதிலை 0 மதிப்பெண்ணாக எடுப்பது. இடுப்பை அளக்காதவரும் குடும்ப வரலாறு கேட்கப்படாதவரும் குறைந்த ஆபத்துப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மதிப்பெண்ணோடு "எத்தனை கேள்விக்குப் பதில் இருக்கிறது" என்ற நெடுவரிசையும் இருக்கட்டும். மூன்றுக்கு மேல் விடுபட்டவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு, அழைத்துக் கேளுங்கள்.

ஒரு மதிப்பெண்ணைப் புது மக்களிடம் கொண்டுவரும்போது, வரிசைப்படுத்தும் திறன் ஓரளவு தாக்குப்பிடிக்கும். சொல்லும் சதவீதம் பெரும்பாலும் தப்பும். ஆட்களைக் கணிப்பின்படி பத்துக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கணித்ததையும் நடந்ததையும் அருகருகே வையுங்கள். எல்லாக் குழுவிலும் 12% சொன்ன இடத்தில் 6% என்பதுபோல ஒரே போக்கில் தப்பினால், சமன்பாட்டின் மாறிலியை மட்டும் திருத்தினாலே சரியாகும். இதைத்தான் கேலிபரேஷன் என்கிறார்கள்.

படி 6: சொந்த மாடல், அவசியமென்றால் மட்டும்

ஒவ்வொருவருக்கும் ஒரு தொடக்கத் தேதியை நிர்ணயியுங்கள். அதற்கு முந்தைய 24 மாதத் தகவல் உள்ளீடு. பிந்தைய 36 மாதத்தில் நோய் வந்ததா என்பது விளைவு. இரண்டுக்கும் நடுவே 3 மாத இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் மருத்துவர் ஏற்கெனவே சந்தேகப்பட்டு எழுதிய பரிசோதனையைப் பார்த்து மாடல் "கணித்துவிடும்". பரிசோதனை எழுதப்பட்டது என்பதே விடையின் கசிவு. ஏயூசி (நோய் வருபவரையும் வராதவரையும் பிரித்தறியும் திறனின் அளவு, 1 என்றால் முழுமை) 0.95 என்று வந்தால் மகிழாமல், எந்த உள்ளீடு அதிக எடை பெறுகிறது என்று தேடுங்கள். பத்தில் ஒன்பது முறை கசிவுதான் இருக்கும்.

லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் (உள்ளீடுகளுக்கு எடை கொடுத்து நோய் வரும் நிகழ்தகவைத் தரும் எளிய சமன்பாடு) தொடங்குங்கள். ஓர் உள்ளீட்டுக்குக் குறைந்தது 10 நோய் நிகழ்வுகள் என்பது பழைய, குத்துமதிப்பான அளவு. 80 பேருக்குத்தான் நோய் வந்தது என்றால் 8 உள்ளீடுகளுக்கு மேல் போகாதீர்கள். மர அடிப்படையிலான முறைகளுக்கு ("ஆம், இல்லை" கேள்விகளாகக் கிளை பிரித்துக் கணிப்பவை) இதைப்போல் பல மடங்கு வேண்டும். சோதனைக்குத் தரவைக் குலுக்கிப் பிரிக்காமல் காலத்தால் பிரியுங்கள்: பழைய ஆண்டுகளில் கற்பித்து, புதிய ஆண்டில் சோதிப்பது. துல்லியச் சதவீதத்தைப் பார்க்கவே வேண்டாம். 5% பேருக்கு வரும் நோயில் "யாருக்கும் வராது" என்று சொன்னாலே 95% துல்லியம்.

எதைக் கணிக்கிறோம் என்பதில் கவனம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2019-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணிப்புமுறை, நோயின் தேவைக்குப் பதிலாகச் செலவைக் கணித்தது. கறுப்பின நோயாளிகளுக்குக் குறைவாகவே செலவிடப்பட்டு வந்ததால், அதே மதிப்பெண்ணில் அவர்கள் அதிக நோயுற்றிருந்தனர். அதைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் அவர்களின் பங்கு 17.7%-இலிருந்து 46.5% ஆகும் என்று ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே ஆண், பெண், வயதுக் குழு, மையம் என்று பிரித்து ஒவ்வொன்றிலும் கேலிபரேஷனைப் பாருங்கள்.

படி 7: எல்லைக் கோடும் வாரப் பட்டியலும்

10,000 பேர், அவர்களில் 8% பேருக்குக் கண்டறியப்படாத நோய், கருவியின் உணர்திறன் (நோயுள்ளவர்களைப் பிடிக்கும் விகிதம்) 75%, குறிப்புத்திறன் (நோயில்லாதவர்களைச் சரியாக விலக்கும் விகிதம்) 75% என்று வைத்துக்கொள்வோம். 800 பேரில் 600 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 9200 பேரில் 2300 பேரும் கூடவே வருவார்கள். 2900 பேரை அழைத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் நோய். ஆண்டுக்கு 2000 பேரைத்தான் அழைக்க முடியுமென்றால், மேலிருந்து 2000-ஆவது ஆள் நிற்கும் மதிப்பெண்தான் உங்கள் எல்லை.

வாரப் பட்டியலில் பெயர், எண், ஆபத்துச் சதவீதம், முக்கியக் காரணம் இரண்டு, கடைசிப் பரிசோதனைத் தேதி, செய்ய வேண்டியது ஆகியவை இருந்தால் போதும். காரணம் இல்லாத பட்டியலைச் செவிலியர்கள் சீக்கிரமே ஓரங்கட்டிவிடுவார்கள். "கணினி சொல்கிறது" என்று ஒருவரிடம் எப்படிப் பேசுவது? 180/120 தாண்டியவர்கள் இந்த வரிசையில் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய தனிப் பட்டியல் அது.

அழைப்பின் முடிவைக் குறியீடாகப் பதியுங்கள்: பேசியாயிற்று, தவறான எண், மறுத்தார், நேரம் கொடுத்தாயிற்று, வந்தார், ஏற்கெனவே சிகிச்சையில் உள்ளார். கடைசிக் குறியீடு அடிக்கடி வந்தால், படி 4-இல் விலக்கும் விதி ஓட்டையாக இருக்கிறது.

படி 8: பலன் உண்டா என்று அளப்பது

ஒரே ஒரு அளவீட்டில் 150 வந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், நீங்கள் எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை சராசரியாகக் குறைந்துதான் வருவார்கள். அன்றைக்குத் தற்செயலாக உயர்ந்திருந்தவர்கள் அந்தக் குழுவில் அதிகம் என்பதே காரணம். முன்–பின் ஒப்பீட்டை மட்டும் வைத்து வெற்றி அறிவிக்கும் திட்டங்கள் பலவும் இதில்தான் விழுகின்றன. தேர்வுக்கு ஓர் அளவீடு, தொடக்க நிலைக்கு இரண்டாவது அளவீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது ஒப்பீட்டுக் குழு: எப்படியும் எல்லோரையும் ஒரே நேரத்தில் அழைக்க முடியாது என்பதால், பட்டியலைச் சீட்டுப்போட்டு இரண்டாக்கி, இரண்டாம் பாதியை 6 மாதம் கழித்துத் தொடங்குங்கள். பயிற்சியை முடித்தவர்களை மட்டும் எண்ணாமல், பட்டியலில் இருந்த எல்லோரையும் பகுதி எண்ணில் வையுங்கள்.

படி 9: ஓட விட்ட பிறகு

மாதந்தோறும் மூன்றைப் பாருங்கள்: வரிசைகளின் எண்ணிக்கை, விடுபட்ட மதிப்புகளின் விகிதம், ஒவ்வோர் அளவீட்டின் சராசரி. எச்பிஏ1சி சராசரி ஒரே மாதத்தில் 0.3 தாவினால், மக்கள் மாறவில்லை. ஆய்வுக்கூடம் கருவியை மாற்றியிருக்கும். ஆண்டுக்கொருமுறை மாறிலியைத் திருத்துங்கள்.

மாடலின் மறுபயிற்சியில் ஒரு பொறி உண்டு. திட்டம் வேலை செய்தால், அதிக ஆபத்து என்று குறிக்கப்பட்டவர்களுக்கு நோய் வராது. அந்தத் தரவையே கொடுத்து மாடலை மறுபடி கற்பித்தால், பருமனும் உயர்ந்த சர்க்கரையும் ஆபத்தில்லை என்று அது கற்றுக்கொள்ளும். யார் எந்தத் தேதியில் அழைக்கப்பட்டார், எந்தப் பயிற்சியைப் பெற்றார் என்பதை அளவீட்டு அட்டவணை போலவே தேதிவாரியாகச் சேமித்து, கற்பிக்கும்போது அதையும் ஓர் உள்ளீடாகக் கொடுங்கள். அல்லது தலையீடு தொடங்கிய தேதிக்குப் பிந்தைய அவர்களின் பதிவுகளைக் கற்பித்தலிலிருந்து எடுத்துவிட்டு, சீட்டில் காத்திருந்த பாதியினரின் 6 மாதங்களை வைத்துக் கேலிபரேஷனைச் சரிபாருங்கள்.